உரக்கடைச் சரக்கில் ஒரு செம்பியன்

தேசிய அறிவியல் நாளன்று, காலை இடைவேளை மணிக்குச் சற்று முன்னால், காரைக்கால் கோட்டுச்சேரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் வேதியியல் ஆசிரியர் செம்பியன் இரண்டு பேரானார். தப்பு முழுக்க அவருடையதுதான். அதை அவர் எந்தக் காலத்திலும் மறுத்ததில்லை. மறுக்க நினைத்தாலும் இன்னொருவர் பக்கத்தில் நின்று உண்மையைச் சொல்லிவிடுவார் என்பதால் மறுத்துப் பயனுமில்லை.

உயிருள்ள உடம்பு எந்தெந்தத் தனிமங்களால் ஆனது என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. வேறு ஆசிரியராக இருந்தால் அட்டையில் படம் வரைந்து ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். செம்பியனுக்கு அது போதவில்லை. கோயிலில் வேண்டிக்கொண்டு ஆளின் எடைக்கு எடை வெல்லமோ வாழைப்பழமோ கொடுப்பதில்லையா, அதுபோல ஒரு தட்டில் தான் உட்கார்ந்து, தன் உடம்பில் உள்ள சரக்கையெல்லாம் மறுதட்டில் வைத்துச் சமன் செய்து காட்டுவது என்று முடிவு செய்தார். அறிவியல் துலாபாரம் என்று பெயரும் எழுதி மாட்டினார். தராசைக் கொடுத்தவர் சேக் அலாவுதீன் பாய். கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருப்பவர். மூட்டை நிறுக்கும் பழைய தொங்குதராசு அவர் கிடங்கில் சும்மா கிடந்தது. தராசோடு சரக்கும் முக்கால்வாசி அங்கிருந்தே வந்தது. நைட்ரஜனுக்கு ஐந்து கிலோ யூரியா, பாஸ்பரசுக்கு டி.ஏ.பி., கந்தகத்துக்கு ஜிப்சம், கொஞ்சம் பொட்டாஷ், ஒரு சிட்டிகை துத்தநாக சல்பேட். குறுவை நெல்லுக்குப் போடுவதும் மனிதனுக்குள் கிடப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கண்ட பாய், பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நாமளும் ஒரு போகம்தான், வாத்தியாரே" என்றார். கார்பனுக்குப் பிரியாணிக் கடை அடுப்புக்கரி அரைச் சாக்கு, கால்சியத்துக்குச் சுண்ணாம்பு, பிடி கல்லுப்பு. மீதிக்குத் தண்ணீர், கேன் இரண்டும் ஒரு குடமும். மனிதன் பெரும்பாலும் தண்ணீர் கேன்தான் என்பது அன்றைக்குத்தான் கோட்டுச்சேரிக்குத் தெரிந்தது.

கடைசியாக இரும்பு. ஒரு ஆளுக்குள் இருக்கும் இரும்பு ஒரு ஆணி அளவுக்குத்தான் வரும். அந்த ஆணியை வாங்குவதற்குச் சோம்பல்பட்டு, வீட்டு ஹால் சுவரில் கல்யாணப் படம் தொங்கிய ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார் செம்பியன். மனைவி தமிழ்மொழி, அரசு ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர், டியூட்டிக்குப் போன பிறகு பிடுங்கினார். படத்தைச் சோபாவில் சாய்த்து வைத்தார். சாயங்காலம் மாட்டிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தார்.

ஆணியை வைத்ததும் தராசு நேராக நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அத்தோடு இறங்கியிருக்கலாம். ஆனால் எந்தக் காரியத்தையும் வேடிக்கை பண்ணாமல் முடிக்க அவருக்குத் தெரியாது. "துலாபாரம்னா கற்பூரம் காட்ட வேணாமா?" என்றார் தட்டில் உட்கார்ந்தபடியே. பள்ளி உதவியாளர் மாரிக்கண்ணுக்கு வேடிக்கை எது, உத்தரவு எது என்று பிரித்துப் பார்க்கும் வழக்கமில்லை. அலுவலகச் சாமி படத்துக்கு வைத்திருந்த கற்பூரத்தைத் தட்டில் ஏற்றி, குவிந்து கிடந்த சரக்கைச் சுற்றி மூன்று முறை காட்டினார். நின்றிருந்தவர்கள் எல்லோரும், தலைமையாசிரியர் உட்பட, பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கும்பிட்டது வீண்போகவில்லை. கரிச்சாக்கு அசைந்தது. தண்ணீர் கேன்கள் தாமாக வற்றின. மறுதட்டில் ஒருவர் எழுந்து உட்கார்ந்து, "பெல் அடிச்சிட்டாங்களா?" என்று கேட்டார். செம்பியனின் அதே முகம், அதே முன்வழுக்கை, மீசையின் இடப்பக்கம் நரைத்த அதே நாலு முடி. துணிக்கு வேண்டியதை யாரும் தட்டில் வைக்காததால் துணி மட்டும் இல்லை. மாரிக்கண்ணு மேசை விரிப்பை உருவிக் கொடுத்துவிட்டுக் கற்பூரத் தட்டைக் கழுவப் போனார்.

தராசிலிருந்து வந்தவர் என்பதால் ஊர் அவரைத் தராசார் என்று கூப்பிட்டது. அன்று மாலையே தமிழ்மொழி அவர் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது, யூரியா மட்டும் கொஞ்சம் கூடுதல். "அஞ்சு கிலோ போட்டா இருக்காதா" என்றார் அலாவுதீன் பாய். மொட்டைமாடி அறையைப் பெருக்கி, பாய் தலையணை போட்டு அவரைக் குடிவைத்தார்கள். பக்கத்து வீட்டுச் சோமசேகரன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இன்றும் அந்த நாட்டு ஓய்வூதியம் வாங்குகிறவர், மதில்மேல் எட்டிப் பார்த்து, பிரான்சாக இருந்தால் இதற்கு இரண்டு பென்ஷன் கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். வேறு பெரிய பேச்சு எதுவும் எழவில்லை. காரைக்காலில் அந்த வாரம் மத்தி மீன் விலை ஏறியிருந்தது, ஜனங்களுக்கு அதைப் பேசவே நேரம் சரியாக இருந்தது.

தராசாரிடம் இரண்டு விசேஷங்கள் இருந்தன. முதலாவது, அவர் நின்ற இடத்தில் ஏதாவது முளைக்கும். பேருந்துக்காகக் கொஞ்ச நேரம் நின்றால் காலடியில் அறுகு வெடிக்கும், பள்ளிக்கூட பெஞ்சில் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்தால் பலகை இடுக்கில் முளைக்கீரை தலைநீட்டும். தமிழ்மொழியின் அப்பா கருப்பையன், திருநள்ளாற்றுக்கு மேற்கே கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர், வாரத்துக்கு ஒருநாள் வந்து அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவார். வரப்பில் காலாற நடக்கவிட்டு, மோர் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். அந்த வருஷக் குறுவைக்கு அவர் மேலுரம் வாங்கவே இல்லை. அலாவுதீன் பாய்க்கு அதில் வருத்தம்தான், ஆனாலும் தன் சரக்கின் தரத்துக்கு இதைவிட விளம்பரம் கிடைக்காது என்று கடை வாசலில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்தார். நாற்காலியைச் சுற்றி எப்போதும் பச்சை.

இரண்டாவது விசேஷம், ஆணியால் வந்தது. அவருக்கு இருந்த ஞாபகமெல்லாம் அந்த ஆணியின் ஞாபகம். பத்து வருஷமாக ஹால் சுவரில் இருந்து அது கண்டதும் கேட்டதும் அத்தனையும் அவருக்குத் தெரியும். விருந்தாளிகள், தொலைக்காட்சிச் செய்தி, தமிழ்மொழி கேட்ட கேள்விகள், அவற்றுக்குச் செம்பியன் சொன்ன பதில்கள். அடுக்களையில் நடந்தது எதுவும் தெரியாது, வந்த பிறகும் அவர் அந்தப் பக்கம் போனதில்லை, உப்பு ஜாடி எங்கே என்று கேட்டால்கூட விழிப்பார். செம்பியன் ஹாலில் உட்கார்ந்து தயாரித்த பாடத்தையெல்லாம் அவரைப்போலவே நடத்துவார், செம்பியன் பெயரையே கையெழுத்துப் போடுவார். விரல் ரேகை வருகைப் பதிவு இயந்திரம் இருவரையும் ஆட்சேபம் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. ஒன்று மட்டும் அவருக்கு வரவில்லை. வேடிக்கை பேச வரவில்லை. அதற்குரிய சரக்கு என்னவென்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காததால் செம்பியன் அதைத் தட்டில் வைத்திருக்கவில்லை. ஆகவே எதைக் கேட்டாலும் நேராகச் சொன்னார். பெற்றோர் கூட்டத்தில், "உங்க பையன் படிக்கல, நீங்களும் கவனிக்கல" என்றார். பெற்றோர் கோபித்துக்கொண்டு போனார்கள். பையன்கள் படித்தார்கள்.

வீட்டில் அது முதன்முதலாகத் தெரிந்தது ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது. தமிழ்மொழி மாம்பழ மஞ்சள் புடவை கட்டி ஹாலுக்கு வந்து, "நல்லாருக்கா?" என்று பொதுவாகக் கேட்டார். "மாங்கனித் திருவிழாவுக்கு இன்னும் நாளிருக்கே" என்றார் செம்பியன். "நல்லால்லீங்க" என்றார் தராசார். "போன பொங்கலுக்குக் கட்டுனீங்களே நீலம், அது நல்லாருந்துச்சு." தமிழ்மொழி உள்ளே போய் நீலத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். ஒருவர் பேச்சுக்காக அவர் புடவை மாற்றியதை அத்தனை வருஷத்தில் செம்பியன் பார்த்ததில்லை. கல்யாணச் சாப்பாட்டில் அன்று அவருக்குப் பாயசம் இறங்கவில்லை.

செம்பியனின் பேச்சு இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. பிள்ளை இல்லாத வீட்டில் ஊர் கேட்கும் கேள்விகளை முதல் சில வருஷம் அவர்தான் வாசலிலேயே நின்று வேடிக்கை பேசித் திருப்பி அனுப்பினார். தமிழ்மொழியின் காதுவரை அவை போகக் கூடாது என்பதுதான் எண்ணம். பிறகு வாய் அதிலேயே பழகிவிட்டது. வீட்டுக்குள் கேட்கும் கேள்விகளும் அதே வாசலிலேயே திரும்பிப் போயின.

அந்த வருஷம் மே மாதம் தமிழ்மொழிக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது. காரைக்கால் அரசு ஊழியருக்கு மாற்றல் என்றால் பக்கத்து ஊர் கிடையாது. புதுச்சேரி, அதை விட்டால் கேரளக் கரையில் மாஹே, அதையும் விட்டால் ஆந்திரத்துக்குள் கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாம். இரண்டு நாள் பயணம். தமிழ்மொழி ஹாலில் நின்றபடி உத்தரவைப் படித்து, "ஏனாம்" என்றார். "அதைத்தான் நானும் கேக்குறேன், ஏனாம்?" என்றார் செம்பியன். காரைக்காலில் அந்த வேடிக்கையைச் சொல்லாத அரசு ஊழியரின் கணவர் கிடையாது. தமிழ்மொழி சிரிக்கவில்லை. "நான் போகட்டுமா, வேணாமா?" என்று கேட்டார். செம்பியனுக்கு நெஞ்சில் ஒரு வாக்கியம் ஏறி வந்தது, தொண்டை வரைக்கும் வந்தது. வாய்க்கு வருவதற்குள், "போய்ட்டு வா, அங்க புலசா மீனு நல்லாருக்குமாம்" என்று மாறிவிட்டது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த தராசார் நிமிர்ந்து, "நீங்க இல்லாட்டி இந்த வீடு வெறிச்சுன்னு கிடக்கும். போகாதீங்க" என்றார். தொண்டையில் நின்ற அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். தமிழ்மொழி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனார். அந்த வருஷம் மாற்றலைத் தள்ளிப்போட எழுதிக் கொடுத்தார். அடுத்த வருஷமும் எழுதிக் கொடுத்தார். யார் சொன்னதற்காக எழுதிக் கொடுத்தார் என்று செம்பியன் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மூன்றாம் வருஷம் தள்ளிப்போட வழியில்லை, போய்ச் சேர வேண்டும் அல்லது பதவி உயர்வை விட வேண்டும் என்று வந்துவிட்டது. தமிழ்மொழி போவதென்று முடிவு செய்தார். ஊருக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. கணவன் ஒரு ஊர், மனைவி ஒரு ஊர் என்று அரசாங்க வேலைக்காரர்கள் அவதிப்படும் உலகத்தில், இந்த வீட்டில் மட்டும் கணவர் இரண்டு. ஒருத்தர் ஏனாம், ஒருத்தர் காரைக்கால். "எவ்வளவு வசதி பாரு" என்று மாரிக்கண்ணு பெருமூச்சு விட்டார். கருப்பையன் மட்டும், தராசாரை இங்கேயே விட்டால் நல்லது, சம்பா வருகிறது என்று சொல்லிப் பார்த்தார். செம்பியனும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். இராத்திரியில் சிரிப்பு வரவில்லை. மனைவி யாரைக் கூட்டிப் போகப் போகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. நேராகப் பேசுகிற ஆளை விட்டுவிட்டு வேடிக்கை பேசுகிற ஆளை எந்தப் பெண் இரண்டு நாள் பயணம் கூட்டிப் போவாள் என்று யோசித்தால் அவருக்கே பதில் தெரிந்தது.

கேட்டுவிடுவது என்று துணிந்து, துணி மடித்துக்கொண்டிருந்த தமிழ்மொழியிடம், "ஏனாமுக்கு எந்த மாடலை எடுத்துட்டுப் போறதா உத்தேசம்?" என்றார். "இட்லிப் பாத்திரம் எந்தப் பெட்டில வச்சீங்க?" என்றார் தமிழ்மொழி. மறுநாள் மறுபடி கேட்டார். "ரெண்டு பேரையும் நிறுத்துப் பாத்து, எடை கொறைஞ்சவர கூட்டிட்டுப் போறேன், லக்கேஜ் மிச்சம்" என்று பதில் வந்தது. செம்பியன் திடுக்கிட்டார். தன்னுடைய கடைச் சரக்கைத் தனக்கே ஒருவர் திருப்பி விற்றால் எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. தமிழ்மொழி கல்யாணப் படத்தை மட்டும் முதலிலேயே அந்த நீலப் புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். அதிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை. படத்தில் இருப்பது நான்தான் என்று இருவருமே சொல்லிக்கொள்ளலாம்.

உரக்கடைக்குப் போய் பாயிடம் முறையிட்டார். "நீங்களா இருந்தா யாரைக் கூட்டிட்டுப் போவீங்க, பாய்?" அலாவுதீன் பாய் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த தலையை நிமிர்த்தவில்லை. "ஒருத்தரு என் கடைச் சரக்கு, என்னென்ன போட்டதுன்னு எனக்குத் தெரியும். உங்கள எங்க வாங்குனதுன்னு எனக்கு என்ன தெரியும், வாத்தியாரே? வீட்டுல தங்கச்சியக் கேளுங்க." கடைசியில் மொட்டைமாடிக்கே ஏறிப் போனார். தராசார் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். சுவரெல்லாம் பசலை படர்ந்திருந்தது.

"ஏனாமுக்கு நீங்க போறீங்களா?"

"கூப்பிட்டா போவேன்."

"கூப்பிட்டாளா?"

"ஹால்ல கூப்பிடல. அடுக்களைல என்ன பேசுனாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

செம்பியன் அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதை நினைத்துக்கொண்டு கீழே இறங்கினார். ஞாயிறு மீன்குழம்பு அவர் வேலை. கல்யாணமான முதல் வாரத்திலிருந்து அப்படித்தான், அவர் காரைக்கால்மேட்டுக்குப் போய் மீன் வாங்கிவந்து, தானே ஆய்ந்து குழம்பு வைப்பார், தமிழ்மொழி பக்கத்து அடுப்பில் சோறு வடிப்பார். அடுக்களையில் அவர்கள் அதிகம் பேசுவதில்லை. உப்பைப் பார், புளியைத் தள்ளு, அவ்வளவுதான். அன்றும் அப்படியே சமைத்துச் சாப்பிட்டார்கள். தமிழ்மொழி மத்தி முள்ளை ஒன்றுவிடாமல் மென்று தின்றார்.

கிளம்புகிற நாள், காரைக்கால் பேருந்து நிலையம். புதுச்சேரி போய் அங்கிருந்து காக்கிநாடா ரயில். பெட்டிகளைத் தராசார் தூக்கி வைத்தார். அவர் நின்ற இடத்தில் சிமெண்டு வெடிப்பு வழியாக நெல் நாற்று எழுந்து காற்றில் ஆடியது. ஆப்பிள் விற்கிறவர் கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். செம்பியன் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. என்ன அது என்று கேட்ட எல்லோரிடமும் புளிச்சோறு என்று சொல்லியிருந்தார். உள்ளே இரண்டு சட்டை, ஒரு வேட்டி, சவரக் கத்தி. கூப்பிட்டால் கையோடு ஏறிவிடலாம், கூப்பிடாவிட்டால் புளிச்சோறு என்று சொல்லியபடியே வீட்டுக்குத் திரும்பிவிடலாம். தராசார் ஒன்றும் கொண்டுவரவில்லை. திங்கட்கிழமை பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை வைத்திருப்பதாகச் சொல்லி, கருப்பையனின் மோட்டார் சைக்கிள் நிற்கும் பக்கம் நடந்தார். நாலடிக்கு ஒரு பச்சைத் திட்டாக அவர் போன வழி தெரிந்தது.

தமிழ்மொழி ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டார். செம்பியன் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நடத்துநர் வந்து, "எத்தனம்மா?" என்றார்.

"ரெண்டு. எனக்கும் இவருக்கும்" என்று தமிழ்மொழி ஜன்னலைக் காட்டினார்.

செம்பியனுக்கு வழக்கம்போல வாயில் ஒன்று வந்தது. எடை ரெண்டு பேருக்கும் ஒன்றுதானே என்று ஆரம்பிக்கும் நல்ல வேடிக்கை. அதை விழுங்கினார். "ஏன் நான்?" என்று மட்டும் கேட்டார்.

தமிழ்மொழி கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவர் நெற்றி வியர்வையைக் கம்பிகளுக்கு நடுவே கைவிட்டுத் துடைத்தார். "அவரு பாய் கடைச் சரக்கு. நல்ல சரக்குதான், கொறை சொல்லல. நீங்க பதிமூணு வருஷமா நான் வடிச்ச சோறுங்க. நான் நீங்க வச்ச மீன்கொழம்பு. உங்க எலும்பும் என் எலும்பும் ஒரே அடுப்புல வெந்தது, இனிமே இதுல யாரு எதுன்னு எந்தத் தராசுல நிறுக்கிறது?" என்றார். பிறகு, நடத்துநர் சீட்டைக் கிழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, இன்னும் சுருக்கமாகச் சொன்னார்.

"எனக்கு நீங்கதான் வேணும். அந்தச் சட்டை வச்சிருக்கிற பையத் தூக்கிட்டு ஏறுங்க."